செரித் தோட்டத்தில் சத்தமில்லாத துவக்கு

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கொலின் வந்தார். எங்களுக்கு வேலை தருபவரும் அவர்தான், வீட்டுக்காரரும் அவர்தான். அவருடைய செரிப் பழத் தோட்டத்து மூலையில் இருக்கும் வேலையாள் வீட்டில் நாங்கள் குடியிருந்து நாலு வருடமாகிறது. நியூசிலாந்தின் தென்தீவில் இந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் காய்ந்த மலை. மலையெல்லாம் முயல்.

போன குளிர்காலத்தில் நட்ட கன்றுகளின் பட்டையை முயல் சுற்றிவரக் கடித்துவிட்டது. கவுன்சில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஊரில் முயலை யாரும் எண்ணுவதில்லை. நிலத்தில் புழுக்கை எவ்வளவு அடர்த்தியாகக் கிடக்கிறது என்று குனிந்து பார்த்து, ஒன்று முதல் எட்டு வரை புள்ளி போடுவார்கள். படித்து, உத்தியோகம் எடுத்து, புழுக்கைக்குப் புள்ளி போடும் மனிதர்! கொலினுக்கு ஐந்து கிடைத்திருக்கிறது. ஈஸ்டருக்கு முன் அது மூன்றுக்கு இறங்கவேண்டும்.

கொலினின் ஆங்கிலத்தை என் தமிழில்தான் எழுதிவைக்க முடியும். "நாய்கள் நிக்குது, நஞ்சு வைக்கேலாது சுகி. இறங்காட்டி பெரிய வெள்ளிக்குச் சொட்கன்காரரைக் கூப்பிடுவன். பன்னிரண்டு பேர், மூண்டு நாள் சுடுவினம்" என்றார்.

சொட்கன் என்பது காது பிளக்கும் வேட்டைத் துவக்கு. பன்னிரண்டு சொட்கன், மூன்று நாள். இவருக்கு அது ஒத்துவராது. இவர் என்பது என் கணவர் தயாபரன். சண்டைக்காலத்தில் ஊரில் கடைசியாக இருந்த மாதங்களில் கேட்ட சத்தங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை இவர் உடம்பில் இன்னும் இருக்கின்றன, அவ்வளவுதான். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் குருவி விரட்ட வெடி வைத்தபோது இரண்டு பேரும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தோம். நான் இவருக்குத் துணையாகப் போனேன்.

ஆகவே கொலினிடம் சொன்னேன்: அந்த ஆட்கள் வேண்டாம். சைலன்சர் போட்ட துவக்கால் நான் குறைத்துத் தருகிறேன். போன வருடம் என்னைச் சுடப் பழக்கி லைசன்ஸ் எடுக்க வைத்தவர் அவர்தான். எனக்குக் கை நடுங்காது. என் விரல் அழுத்தினால்தான் வெடிக்கும், எப்போது வரும் என்று எனக்குத் தெரியும்.

"சைலன்சர் போட்டால் குறி போயிடும் எண்டு எங்கட அப்பா சொல்லுவார்" என்றார் கொலின். உங்கள் அப்பா சொன்னதை ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றேன். ஈஸ்டர் வரை தவணை தந்திருக்கிறார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஐம்பது மீற்றரில் அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தோம். சைலன்சர் இல்லாமல் சுட்டால் நடுவில் பட்டது. போட்டுச் சுட்டால் நாலு விரல் கீழே, இடப்பக்கம். கொலின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா ஜெயித்துவிட்டார்.

நான் அட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஐந்து ஓட்டையையும் ஒரு நாணயத்தால் மூடலாம். குறி கெட்டிருந்தால் ஐந்தும் ஐந்து இடத்தில் அல்லவா இருக்கும்? குழல் நுனியில் பாரம் தொங்குகிறது, அதனால் படும் இடம் மாறியிருக்கிறது. சந்தை இடம் மாறினால் நாம்தான் அங்கே போகவேண்டும். துவக்கின் மேலுள்ள தொலைநோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இனி அந்தச் சைலன்சரை யாரும் கழற்றக்கூடாது என்று கொலினிடம் சொல்லிவிட்டேன். கழற்றிப் பூட்டினால் வேறு விதமாக உட்காரும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இன்னொரு விஷயம். சைலன்சர் இருக்கிறதே என்று காதுமூடியைக் கழற்றிவிட்டுக் கடைசியாக ஒன்று சுட்டேன், அப்போதும் சாதாரணத் தோட்டா சடாரென்று அறைகிறது. குழலிலிருந்து பாயும் சன்னம் சத்தத்தை முந்திக்கொண்டு ஓடுவதால் காற்றில் எழும் அறை அது, துவக்கு நுனியில் எதை மாட்டினாலும் நிற்காது. வீட்டிலிருந்த இவருக்குக் கேட்டிருக்கும். நான் துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் புல்லில் இருந்தேன். கொலின் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வெயில் கடுமை.

சத்தத்தைவிட மெதுவாகப் போகும் தோட்டா ஒன்று இருக்கிறது. சப்சோனிக் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அதைப் போட்டுச் சுட்டால் தடித்த புத்தகத்தைப் பட்டென்று மூடுவதுபோல, அவ்வளவுதான். ஆனால் இன்னும் இரண்டு விரல் கீழே பட்டது. திரும்பவும் திருகு.

பெப்ரவரி 11, புதன்

மெதுவான தோட்டாவில் ஒரு சங்கடம். ஐம்பது மீற்றரில் சொன்ன இடத்தில் படும். எழுபத்தைந்தில் ஆறு விரல் விழுந்துவிடும். நூறு மீற்றரில் கேட்கவே வேண்டாம், முயல் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் புல்லைத் தின்னும். முன்னங்காலுக்குக் குறிவைத்தது வயிற்றில் பட்டால் அது துடிக்கும், அதை நான் பார்க்க விரும்பவில்லை. ஆகவே ஐம்பதுக்குள் மட்டும்தான் சுடுவது என்று முடிவெடுத்தேன்.

ஐம்பது எது என்று கண்ணால் மட்டுக்கட்ட முடியவில்லை. இவர் மத்தியானம் கன்று வரிசைகளில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார். நான் படுக்கப்போகும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் சரியாக ஐம்பது மீற்றர் அளந்து கட்டியிருக்கிறார். நல்ல காரியம். பிறகுதான் துணியைக் கிட்டப் பார்த்தேன். மகள் துளசிகா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு நான் கட்டிய சேலை!

"பழசுதானேயப்பா" என்றார்.

"உங்கட வேட்டி பழசில்லையோ?"

"வேட்டி வெள்ளை. வெயிலுக்கை தெரியாது."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் இந்த மனிதர்.

பெப்ரவரி 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை. துவக்கைத் தொடவில்லை. பருப்பும் கீரையும். கிழமையில் ஒரு நாள் போகிறதே என்று கொலினுக்குக் கவலை. முயலுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா?

பெப்ரவரி 22, ஞாயிறு

கை பழகிவிட்டது. மாலையில் கொலினின் இரும்பு அலுமாரியிலிருந்து துவக்கை எடுத்துவருவேன். வெயில் சாயும்போது வரிசை முனையில் குப்புறப் படுப்பேன். இவர் பக்கத்தில் பைனாகுலருடன் படுப்பார். முயல் சிவப்புத் துணிக்கு இப்பால் வந்ததும் என் முழங்கையில் ஒரு தட்டு. ஒரு முயல் விழுந்தால் மற்றவை ஓடுவதில்லை, சத்தம் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு விளங்குவதில்லை. போன கிழமை நாலு, ஐந்து என்று விழுந்தது. நேற்று ஒன்பது.

கறியும் இவர்தான் வைக்கிறார். மிளகு கூட. கொலினுக்கு ஒரு சட்டி அனுப்பினோம். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு நல்லது என்றாராம்.

இவரை வெளியே கூட்டிப்போவதும் நல்லதுதான். பக்கத்தில் படுத்திருக்கும்போது என்னைப் பார்த்தபடியே இருக்கிறார். முயலைப் பாருங்கோ என்று அதட்டவேண்டியிருக்கிறது.

மார்ச் 4, புதன்

துளசிகா கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து போன் எடுத்தாள். அவளுக்கு அங்கே பல் ஆஸ்பத்திரியில் வேலை. யாரிடமோ கதைத்து வைத்திருக்கிறாளாம், இப்படிச் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுடன் இருந்து பேசும் ஒரு பெண்.

"அப்பா வரமாட்டார் பிள்ளை. அந்த மனிசனைப் பஸ்ஸிலை ஏத்திறதே பெரும்பாடு" என்றேன்.

"அம்மா, நான் அப்பாவைச் சொல்லேல்லை."

சிக்னல் சரியில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். சிங்கில் ஒரு கோப்பை கைதவறி உடைந்தது. சவர்க்காரக் கை.

மார்ச் 11, புதன்

மூன்று நாளாக ஒன்றும் படவில்லை. முதல் தோட்டா மேலே, இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாலாவது சுடுவதற்குள், பக்கத்தில் மண் தெறிப்பதைக் கண்டு முயல் எல்லாம் வளைக்குள் போய்விடுகிறது. பெட்டி மாற்றிப் பார்த்தேன். கண்ணாடி துடைத்துப் பார்த்தேன். சைலன்சர் ஆடுகிறதா என்று திருகிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. இப்படியே போனால் ஈஸ்டருக்கு மூன்று எங்கே வரும்? நேற்று இரவு படுத்தால் பன்னிரண்டு துவக்கும் தலைக்குள் சுடுகின்றன. இவரை நினைத்துத்தான் கவலை.

மார்ச் 14, சனி

பிடித்துவிட்டேன்.

இன்று முதல் வெடிக்குக் குழலில் இருந்து புகை வந்தது. புகையில் வாசம் வந்தது. துவக்கு வாசமில்லை. தோசைக் கல் வாசம்.

திரும்பி இவரைப் பார்த்தேன். பைனாகுலரை இறக்காமல் வானத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"சைலன்சருக்குள்ளை நல்லெண்ணெய் விட்டனீங்களோ?"

நான் பூட்ஸ் கட்டும் நேரத்தில், காதுக்கு மருந்து விடும் குழாயால் ஒவ்வொரு நாளும் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார். யூடியூப்பில் ஒருவன் சொன்னானாம், உள்ளே ஈரம் இருந்தால் சத்தம் இன்னும் குறையும் என்று. அவன் தண்ணீர் என்றானாம். துருப்பிடிக்கும் என்று இவர் எண்ணெயாக்கிவிட்டார். எண்ணெய் குழலுக்குள்ளும் வழிந்திருக்கிறது. அது எரிந்து தீரும்வரை முதல் மூன்று நாலு தோட்டாவும் தான் நினைத்த வழிக்குத்தான் போகும். சத்தம் குறைந்தது உண்மைதான், என் குறியும் சேர்ந்து போய்விட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் சைலன்சர் பாவிக்கிறார்கள், அதைத் தாளித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு கிழமை வீணாய்ப் போயிற்று என்றேன். "எனக்கு இந்தச் சத்தம் போதுமான அளவு குறைவுதானே, உங்களுக்கு இன்னும் குறைய வேணுமோ?" என்று கேட்டேன்.

"எனக்கில்லையப்பா" என்றவர், பைனாகுலரைத் துடைத்தபடி, "ஓம் ஓம், எனக்குத்தான்" என்றார்.

பாவம். ஏசியிருக்கக்கூடாது.

மார்ச் 15, ஞாயிறு

கொலின் எண்ணெயைக் கழுவி எடுக்க மூன்று மணித்தியாலம். சிரித்துச் சிரித்து வேலை நடக்கவில்லை. கழற்றிப் பூட்டியதால் குறி மாறியிருந்தது. அட்டைப்பெட்டி, ஐம்பது மீற்றர், திருகு. பழையபடி ஒரு நாணயத்துக்குள்.

மார்ச் 26, வியாழன்

வீட்டைச் சுற்றிய வரிசைகளில் இனி முயலைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இரண்டு மாலை தொடர்ந்து ஒன்றுமே வரவில்லை. கன்றுகளில் புதுக் கடி இல்லை.

மேல் சரிவுதான் தொல்லை. அங்கே ஒளிந்து படுக்க ஒரு பற்றையில்லை. நூறு மீற்றரிலேயே முயல் என்னைக் கண்டுவிடுகிறது. மெதுவான தோட்டா அதுவரை போகும், ஆனால் எங்கே போய் இறங்கும் என்று சொல்லமுடியாது. சாதாரணத் தோட்டா போட்டால் எட்டும் என்றார் கொலின். போடமாட்டேன் என்றேன். இவர் இருக்கிறார் அல்லவா.

மார்ச் 31, செவ்வாய்

புழுக்கைக்காரர் வந்தார். குனிந்து குனிந்து அரை நாள் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். பிள்ளையின் பரீட்சை முடிவுக்குக் கூட இப்படி நின்றதில்லை.

வீட்டுப் பக்கம் இரண்டு. மேல் சரிவு நாலு. இரண்டு பக்கமும் மூன்றுக்குள் வந்தால்தான் சரியாம்.

நாலு. அந்த ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு துவக்கு.

கொலின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் தோட்டம் வேண்டும். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால், அந்த எண்ணெய்க் கிழமை வீணாய்ப் போகாமல் இருந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அழுகை வந்தது, அழுதேன்.

துளசிகாவிடம் சொல்லிவிட்டேன். வியாழன் மத்தியானப் பஸ்ஸில் இவரை அனுப்புகிறேன், ஞாயிறு கழிய வரட்டும். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இவரிடம் சொன்னால், நீரும் வந்தால் போறன் என்கிறார். எனக்கென்ன, நான் சமைத்துக்கொண்டு இருப்பேன் என்றேன். அப்ப நானும் நிற்கிறன் என்று டிக்கற்றை மேசையில் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

பஸ் போய்விட்டது. இவர் ஏறவில்லை.

மூன்று மணிக்குக் கொலின் வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். நாளைக்கு வீட்டுப் பக்கம் யாரும் சுடமாட்டார்கள், மேல் சரிவில் மட்டும்தான், விடிந்து தொடங்கிப் பத்து மணிக்கு ஒரு இடைவேளை என்று விளக்கினார்.

"தயாவுக்குச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். "அவருக்குத்தானே கஷ்டம்."

கொலின் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தயா உங்களைப் பற்றித்தானே சொன்னவர்?" என்றார்.

நாங்கள் வந்த முதல் கிழமையே இவர் கொலினிடம் போயிருக்கிறார். என்ர மனிசிக்கு வெடிச்சத்தம் ஏலாது, நீங்கள் சுடப்போகும் நாளில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, அவவுக்குத் தெரியவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கொலின் நாலு வருடமாக ஒரு நாள் தவறாமல் போட்டிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத்தான் அந்த ஏற்பாடு தெரியாது.

மெசேஜ் வந்த நாட்களில் இவர் என்ன செய்தார் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. மிக்சியைப் போட்டுத் தேங்காய் அரைத்திருக்கிறார். இந்த வீட்டில் மற்ற எதற்குக் குறைவிருந்தாலும் சம்பலுக்குக் குறைவிருந்ததேயில்லை. எனக்குச் சம்பல் பிடிக்கும் என்று நினைத்துச் செய்கிறார் என்று இருந்தேன்.

கொலின் போனபிறகு நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இவர் மரக்கறிப் பையுடன் உள்ளே வந்தார்.

"அண்டைக்கு மேசைக்குக் கீழை என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

பையை வைத்தார். தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். நான் விடப்போவதில்லை என்று தெரிந்துகொண்டார்.

"நீர் அங்கை தனிய இருந்தனீர்" என்றார்.

இந்த இரண்டு மாதத்து எழுத்தை இப்போது வாசித்துப் பார்த்தேன். இவருக்கு, இவருக்கு என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எனக்குத்தான் பயம். சடாரென்ற அந்த ஒரு அறைக்கே புல்லில் விழுந்தவள் நான். எழுதிவைக்கிறேன், எனக்குத்தான் பயம்.

இப்போதே காரை எடுத்தால் இரவுக்குள் துளசிகா வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நான் வரவில்லை என்றேன். எத்தனை ஊரிலிருந்துதான் ஓடுவது? நான் நட்ட கன்றும் இந்தத் தோட்டத்தில் நிற்கிறது. இருந்து பார்ப்போம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் மெத்தையை விரித்திருந்தார். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். விடிய எழும்பி முகம் கழுவி, திருநீறு பூசி, இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து இருந்தோம். மிக்சியைப் போடட்டுமோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

முதல் வெடி வந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். இவர் திரும்பி என் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினார்.

இரவு முழுக்க நான் ஒன்றை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். இவ்வளவு சத்தத்துக்கும் அசையாத மனிதர், என் பயத்துக்காக நடித்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட தைரியம் என்று. என் தலைமாட்டில் இப்படி ஒரு மலை இருந்திருக்கிறதே என்று பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது வெடி. மூன்றாவது. என் கன்னத்தில் அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. விரல்கள் என் காதோரம் படபடவென்று அடித்துக்கொண்டன. நான் நடுங்குவதால்தான் அப்படி என்று முதலில் நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்து பார்த்தேன். நடுங்குவது என் தலையில்லை, அவர் கை.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"உங்களுக்கும் பயமோ?" என்றேன்.

"பின்னை?" என்றார்.

எத்தனை வருடம்! இந்தக் கையோடுதான் ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்திருக்கிறார். பயமில்லாதவர் துணைக்கு வருவதில் என்ன இருக்கிறது?

நான் என் கைகளைத் தூக்கி அவர் காதுகளைப் பொத்தினேன். மேல் சரிவில் திரும்பவும் தொடங்கியது, ஒன்றன்மேல் ஒன்றாக. கை வைத்ததால் சத்தம் ஒன்றும் குறையவில்லை. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.